தைராய்டுக்கு வந்த இரண்டு நோய்கள்

அம்மா தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுவார். அதனாலோ என்னவோ, எய்ட்ஸின் ஆரம்ப கால வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது ‘தைராய்டு’ என்ற சொல் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

1981 ஜூன் 5. லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு நிமோசிஸ்டிஸ் என்ற அரிய நுரையீரல் தொற்று வந்திருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழ் எழுதியது. பிற்பாடு எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயின் முதல் மருத்துவப் பதிவு அது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தத் தொற்று ஏராளமானோரைக் கொன்றது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தடுப்பு வழி கிடைத்தது. பென்டமிடின் என்ற மருந்தை நெபுலைசரில் வைத்து மாதம் ஒருமுறை மூச்சில் இழுக்க வேண்டும். 1989இல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது. மருந்து நேராக நுரையீரலுக்குப் போனது. ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலந்தது. சிக்கலும் அதில்தான். நுரையீரலுக்குக் காவல் இருந்தது, மற்ற உறுப்புகளுக்கு இல்லை. எதிர்ப்புச் சக்தி அடியோடு வற்றிப்போன சிலருக்குக் கிருமி கல்லீரல், மண்ணீரல், கண் என்று பரவியது. அபூர்வமாகத் தைராய்டுக்கும் போனது. கழுத்து வீங்கி வலித்தது. ஊசி போட்டுத் திசுவை எடுத்துப் பார்த்தால், உள்ளே அதே நிமோசிஸ்டிஸ்.

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். சி.டி.4 அணுக்கள் திரும்ப ஏறின. ஆனால் 1998இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் ஒரு புதுச் செய்தியைச் சொன்னார்கள்: இப்படித் தேறியவர்களில் சிலருக்குத் தாமதமாகக் கிரேவ்ஸ் நோய் வருகிறது. திரும்பி வந்த எதிர்ப்புச் சக்தி சொந்தத் தைராய்டையே தூண்டிவிட, அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. பெரும்பாலும் சிகிச்சை தொடங்கி ஓரிரு வருஷம் கழித்து.

இதைப் படித்தபோது அந்த நோயாளியைத்தான் நினைத்துக்கொண்டேன். எடை குறைகிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. கூட இருந்தவர்கள் உருகி உருகிச் செத்ததைப் பார்த்தவர் அவர். ‘சரி, அது திரும்பி வந்துடுச்சு’ என்றுதானே நினைத்திருப்பார்? வந்தது அதுவல்ல. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தில் அடங்கும் நோய். எச்.ஐ.வி மாத்திரையை நிறுத்தவும் வேண்டியதில்லை.

முதல் நோய் எதிர்ப்புச் சக்தி போனதால் வந்தது. இரண்டாவது, அது திரும்பியதால் வந்தது. இரண்டாவதைப் பார்க்க ஒருவர் பிழைத்திருக்க வேண்டியிருந்தது.