மதுவிலக்குக் காலத்துப் பிள்ளைகள்

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. பியருக்குப் பேர்போன செயின்ட் லூயிஸ் நகரத்திலும்தான். அந்த வருஷங்களில் அங்கே நகராட்சியின் மனநல கிளினிக் ஒன்று, ‘சரியில்லாத’ பிள்ளைகளைப் பார்த்துவந்தது. பலருக்கும் பதின்பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. திருடுகிறான், பள்ளிக்கு மட்டம் போடுகிறான், வீட்டைவிட்டு ஓடுகிறான் என்று சிலர்மேல் புகார். பயப்படுகிறாள், யாரோடும் ஒட்டுவதில்லை என்று வேறு சிலரைப் பற்றி. எல்லாம் கோப்பில் ஏறியது.

சுமார் முப்பது வருஷம் கழித்து லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் அந்தக் கோப்புகளைத் தூசி தட்டி எடுத்தார். 1924-க்கும் 1929-க்கும் இடையே கிளினிக்குக்கு வந்த 524 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, அப்படிப் புகார் எதுவும் இல்லாத 100 பள்ளிப் பிள்ளைகள். கல்யாணமாகி, ஊர் மாறி, வேலை மாறிப் போனவர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். போலீஸ், மருத்துவமனைப் பதிவுகளையும் புரட்டினார். புத்தகம் 1966-இல் வந்தது.

நம்ம சினிமாவில் குடிகாரனுக்கு இருக்கும் முன்கதை பெரும்பாலும் தேவதாஸ் கதை: மென்மையானவன், மனசு உடைந்தவன். ராபின்ஸின் கோப்புகள் வேறு கதை சொல்கின்றன. பயந்த, கூச்சமுள்ள பிள்ளைகளில் பலர் பெரியவர்களானபோது ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். குடியில் சிக்கியவர்கள், சின்ன வயதில் அடிதடி, திருட்டு, ஓட்டம் என்று இருந்தவர்களில்தான் அதிகம். ‘இது மனநோய் இல்ல, திமிரு’ என்று நாம் ஒதுக்குகிற பையன்கள்.

இதைத் தலையெழுத்து என்று வாசித்துவிடக் கூடாது. ராபின்ஸே இன்னொன்றையும் காட்டினார்: சமூகத்தோடு ஒத்துப்போகாத பெரியவர்களின் பின்னால் தேடினால் அப்படியொரு குழந்தைப் பருவம் அனேகமாக இருக்கும், ஆனால் அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட பெரியவர்கள் ஆவதில்லை. பின்னாலிருந்து பார்த்தால் ஒரே பாதை. முன்னாலிருந்து பார்த்தால் பல கிளைகள்.

அப்படியானால் முன்கூட்டியே உதவினால் போதுமே? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1939-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஊர்களில் 506 சிறுவர்களைச் சோடி சேர்த்து, சோடியில் யாருக்கு உதவி என்று நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். ஆலோசகர்கள் வீடு தேடி வந்தார்கள். பாடம் சொல்லித் தந்தார்கள், வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். 1945-இல் திட்டம் முடிந்தது. ஜோன் மெக்கார்ட் பிற்பாடு அவர்களைத் தேடிப்போனபோது, உதவி பெற்றவர்களில் பலர் அதை நன்றியோடுதான் நினைவுகூர்ந்தார்கள். ஆனால் 1978-இல் அவர் வெளியிட்ட முடிவு: குடிநோயின் அடையாளங்கள் உதவி பெற்றவர்களிடமே கூடுதல்.

ஏன்? 1999-இல் வெளியான மறு ஆய்வு ஒரு துப்பு தந்தது. கெடுதல், கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம்தான் குவிந்திருந்தது. முகாமில் பையன்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ‘சேர்க்கை சரியில்ல’ என்று நம்ம பாட்டிகள் சொல்வதுதான். இங்கே அந்தச் சேர்க்கையை ஏற்பாடு செய்தவர்கள் நல்லெண்ணம் கொண்ட பெரியவர்கள்.

அதனால்தான் எனக்கு இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்தே வாசிக்கத் தோன்றுகிறது. முதலாவது, யாரைக் கவனிக்க வேண்டும் என்கிறது: பள்ளி டிசி கொடுத்து அனுப்பத் துடிக்கும் அந்தப் பையனை. இரண்டாவது, அவனை அவனைப் போன்றவர்களோடு மட்டும் ஓரிடத்தில் அடைத்துவிட்டு அதற்கு உதவி என்று பெயர் வைக்காதே என்கிறது.