காது குத்தலும் புண்ணாற்றலும்

தமிழ்நாட்டை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர், ஊர் வழக்கங்கள் பலவற்றை உடன் கொண்டு வந்திருக்கின்றனர். பொங்கற்பானையும் மார்கழிக் கோலமும் கொலுப்படியும் வந்துவிட்டன. வர இயலாது போனவர்களுள் ஒருவர் காது குத்தும் ஆசாரி. குலதெய்வத்தின் கோயிலிலோ வீட்டுக் கூடத்திலோ தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்தி, அழுவதற்கு முன்னரே ஒரு காதை முடித்துவிடும் கைத்திறன் அவருடையது. குத்திவிட்டதோடு அவர் வேலை தீர்ந்துவிடுவதில்லை. சில நாள் கழித்து அந்த வழியாக வரும்போது குழந்தையை அழைத்துக் காதைத் திருப்பிப் பார்ப்பார். வீங்கியிருந்தால் கம்பியின் வளைவைச் சற்றே நெகிழ்த்துவார். குடியேறிய நகரத்தில் குத்துவதற்குக் கடை உண்டு. மறுபடியும் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

இதன் விளைவை இன்று பல வீடுகளில் காண்கிறோம். கல்லூரிக்குச் செல்லும் மகள் தோழிகளோடு போய், காதின் கீழ்ச்சோணையில் அன்று, மேல்மடலில் ஒரு துளையிட்டுக்கொண்டு வருகிறாள். பத்து நாளில் அவ்விடம் சிவந்து தடிக்கிறது. ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசச் சொல்கிறாள். பக்கத்து வீட்டார் ஸ்பிரிட் வைத்துத் துடைக்கச் சொல்கின்றனர். தோழி ஒருத்தி, உடனே கழற்றி எறி என்கிறாள். மூவருள் யார் சொல் கேட்பது? இக்கேள்வி நேற்று எழுந்ததன்று. நம் நாட்டு மருத்துவர்கள் இதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விடை எழுதத் தொடங்கிவிட்டனர்.

அவ்விடை சுசுருத சம்ஹிதை என்னும் வடமொழி மருத்துவ நூலில் உள்ளது. காசியரசராகிய திவோதாச தன்வந்திரி தம் மாணாக்கர் சுசுருதருக்கு உரைத்ததாக அந்நூல் தன் வரலாற்றைக் கூறிக்கொள்கிறது. ஒரே காலத்தில் ஒரே கையால் எழுதப்பட்டதன்று அது. பல தலைமுறைகளில் சேர்ந்து வளர்ந்தது. காத்மாண்டுவில் காக்கப்பட்டு வரும் அதன் பனையோலைப் பிரதி ஒன்று கி.பி. 878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முதற்பகுதியான சூத்திரஸ்தானத்தில் 16ஆம் அத்தியாயம் காது குத்துவதையும், குத்திய காதைக் கட்டி ஆற்றுவதையும் பற்றியது. அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலால் புதுப்பிக்கும் முறை இதே அத்தியாயத்தின் இறுதியில்தான் வருகிறது. உலகம் வியந்து போற்றுவது அம்மூக்கையே. அதற்கு முன்னுள்ள காதைப் படிப்பவர் குறைவு.

காப்புக்காகவும் அணிக்காகவும் குழந்தையின் காதைக் குத்துவது என்று அத்தியாயம் தொடங்குகிறது. ஆறாம் அல்லது ஏழாம் மாதம். வளர்பிறையில் ஒரு நன்னாள். செவிலியின் மடியில் குழந்தையை இருத்தி, விளையாட்டுப் பொருள் காட்டிப் பராக்குப் பார்க்கச் செய்யவேண்டும். மருத்துவர் இடக்கையால் காதை இழுத்து வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். ஒளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடம் ஒன்று உண்டு. அதனைத் தெய்வமே அமைத்த துளை என்று நூல் அழைக்கிறது. அங்கே வலக்கையால் நேராக, மெதுவாகக் குத்தவேண்டும். மெல்லிய காதுக்கு ஊசி. தடித்த காதுக்குத் தமரூசி. ஆண் குழந்தைக்கு முதலில் வலக்காது, பெண் குழந்தைக்கு இடக்காது. பின்னர்த் துளையில் பஞ்சுத் திரியைச் செருகி, காய்ச்சாத எண்ணெயை அதன்மேல் விடவேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை திரியை மாற்றி, சிறிது சிறிதாகத் தடித்த திரியை இடவேண்டும். நம் ஆசாரி மீண்டும் வந்து பார்த்த வழக்கத்திற்கு இது உறவாக இருக்கக்கூடும். இல்லாவிடினும், இருவரும் ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றனர்.

குருதி மிகுதியாக வந்தாலும் வலி மிகுந்தாலும் தவறான இடத்தில் குத்திவிட்டதாக அறியவேண்டும் என்கிறார் நூலாசிரியர். இதற்குப் பின் வரும் பகுதியே நமக்கு வேண்டியது. குத்திய காது வீங்கி நோவது ஏன்? மழுங்கியதோ வளைந்ததோ ஆன தகாத ஊசியால் குத்தியிருக்கலாம். திரி அளவுக்கு மீறித் தடித்து இறுக்கியிருக்கலாம். உடலின் தோஷங்கள் சீறியிருக்கலாம். குத்திய இடமே பிழையாக இருக்கலாம். தோஷக் கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டால், எஞ்சிய மூன்றையும் இன்றைய மருத்துவர் அப்படியே ஏற்றுக்கொள்வார். கருவி, இறுக்கம், இடம் என்னும் மூன்றையே அவரும் முதலில் ஆராய்கிறார்.

மருந்தும் கூறப்படுகிறது. திரியை எடுத்துவிட்டு, அதிமதுரம், ஆமணக்கு வேர், மஞ்சிட்டி, வாற்கோதுமை, எள் ஆகியவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் கலந்து புண் ஆறும்வரை பூசவேண்டும். நன்றாக ஆறிய பின்னர் முன்போலவே மறுபடியும் குத்தலாம். கெட்டுப்போன துளையை எப்படியாவது காப்பாற்றியே தீரவேண்டும் என்ற பிடிவாதம் அம்மருத்துவருக்கு இல்லை.

தவறான இடத்தில் குத்தினால் மூன்று நரம்புகள் ஊறுபடும் என்றும் நூல் எச்சரிக்கிறது. காளிகை ஊறுபட்டால் காய்ச்சலும் எரிச்சலும் வீக்கமும் வலியும். மர்மரிகை ஊறுபட்டால் வலியும் காய்ச்சலும் கட்டிகளும். லோகிதிகை ஊறுபட்டால் கழுத்து விறைப்பும், உடலை முறிக்கும் இசிவும், தலைப்பிடிப்பும், காது வலியும். இப்பெயர்களுள்ள நரம்புகளை இன்றைய உடற்கூற்று நூலில் தேடுவது வீண். ஆனால் அடையாளங்களைப் பாருங்கள். கழுத்து விறைத்து உடல் இசிவு காண்பதைப் படித்ததும், இன்று யாருக்கும் நினைவு வருவது இரணஜன்னி. அழுக்கு ஊசியினால் வந்த தீங்கை, அக்காலத்தார் துளைபட்ட நரம்பின்மேல் ஏற்றிச் சொன்னார்கள் என்று நான் கருதுகிறேன். காரணம் பிழைத்தது, கண்ட காட்சி பிழைக்கவில்லை. ஒரு காதணிக்காகக் குழந்தை உயிரிழப்பதை அவர்கள் கண்டிருக்க வேண்டும். தடுப்பூசி வந்த பின்னரே அவ்வச்சம் நீங்கிற்று.

அடுத்து, துளையைப் பெருக்கிக் காது வளர்ப்பதும், வளர்த்த காது அறுந்தால் ஒட்டுவதும் வருகின்றன. ஒட்டும் முறைகள் பதினைந்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். தென்பாண்டி நாட்டில் குணுக்கு இட்டுக் காதை வளர்த்துத் தண்டட்டியும் பாம்படமும் அணிந்த பாட்டிமார்களைக் கண்டவர்களுக்கு இப்பகுதி வியப்பாக இராது. வளர்த்த காதை நாகரிகம் கருதிப் பின்னாளில் வெட்டித் தைத்துக்கொண்ட பெண்கள் அவர்களுக்குள்ளேயே பலர். ஒட்டிய காதைப் பேணும் விதியை நூல் நுணுக்கமாகச் சொல்கிறது: கட்டு மிக இறுக்கமும் ஆகாது, மிகத் தளர்வும் ஆகாது, காதை அசைத்தல், பகலுறக்கம், உடற்பயிற்சி, மிகையுணவு, நெருப்பின் வெப்பம், ஓயாப் பேச்சு ஆகியன விலக்கு. ஓயாப் பேச்சு தாடையை அசைத்துக் காதை இழுக்கும் என்பதை எத்துணைக் கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள்!

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. குத்துவது, வளர்ப்பது, ஒட்டுவது என இவ்வளவும் சோணையைப் பற்றிய பேச்சே. ஒளி புகும் அந்த மெல்லிய இடம் தோலும் கொழுப்புமாக உள்ள தசை. அங்கே குருதியோட்டம் தாராளம். மேல்மடல் வேறு. அதற்கு வடிவம் கொடுப்பது குருத்தெலும்பு. குருத்தெலும்புக்குத் தனக்கென்று குருதிக் குழாய் கிடையாது. தன்னைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்விலிருந்தே ஊட்டம் பெறுகிறது. அச்சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே சீழ் கோத்துவிட்டால் ஊட்டம் அறுபடும், குருத்தெலும்பு அழியும், மடல் சுருங்கிக் கோணும். சோணைத் துளை ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் போதும். மேல்மடல் துளைக்கோ பல மாதங்கள் வேண்டும். ஓராண்டு செல்வதும் உண்டு.

அப்படியானால் மேல்மடலைக் குத்துவது புதுமையா? அன்று. நம் பாட்டிமார் அணிந்த கொப்பும் முருகும் மேற்காதுக்கு உரியவை. காஷ்மீரப் பண்டிதர் குலப் பெண்கள் திருமணத்தில் அணியும் டேஜ்ஹோர் என்னும் பொன்னணி, காதின் உட்புறக் குருத்தெலும்பில் இட்ட துளையிலிருந்து தொங்குவது. பிறந்த வீட்டில் அதனைச் சிவப்பு நூலில் கோத்து அணிவிக்கின்றனர். புகுந்த வீட்டார் அந்நூலுக்குப் பதிலாகப் பொற்சங்கிலி இடுகின்றனர். தில்லியில் காஷ்மீரக் குடும்பங்களின் அண்டையில் வாழும் தமிழர் இதனை நேரிற் கண்டிருக்கலாம். இவற்றிலெல்லாம் துளையிடும் நாளும் அணியேற்றும் நாளும் ஒன்றல்ல. கனத்த நகை ஏறும்போது துளை பழகிய துளையாக இருந்தது.

குருத்தெலும்பைத் துளைப்பதன்று, பிளப்பதையே தீட்சையாகக் கொண்டவர்கள் கோரக்கநாதர் வழிவந்த நாத யோகியர். இவர்களைக் கான்படா யோகியர் என்று வடநாட்டார் அழைக்கின்றனர். காது பிளந்தவர் என்பது பொருள். கோரக்பூர் மடத்திலும் கும்பமேளாக் கூட்டங்களிலும் காதில் பெரிய வளையத்துடன் இவர்களைப் பார்க்கலாம். 1938இல் ஜார்ஜ் வெஸ்டன் பிரிக்ஸ் என்பவர் இவர்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். குரு, இருபுறமும் கூரான கத்தியால் இரு காதுகளின் நடுக்குருத்தையும் பிளக்கிறார். பிளவில் வேப்பங்குச்சியைச் செருகி வைக்கின்றனர். புண் ஆறிய பின்னரே முத்திரை எனப்படும் வளையம் ஏறும். காது பிளக்காத யோகியர் ஔகடர் எனப்படுவர். மடத்தில் அவர்களுக்கு நிலை ஒருபடி தாழ்வு.

மருத்துவர் எவரும் பரிந்துரைக்க முடியாத செயல் இது. தீங்குற்றவர் எத்தனை பேர் என்று எண்ணி வைத்தவரும் இல்லை. ஆயினும் இதிற் கவனிக்கத்தக்க செய்திகள் உண்டு. ஊசித்துளை மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டக்கூடியது. அகன்ற பிளவோ திறந்தே இருப்பதால் ஊன்நீர் வடிய வழி உண்டு. ஆறும் வரை வளையம் இல்லை. சீடனுக்கு அக்காலத்தில் வேறு வேலையும் இல்லை. காது புண்ணாய் இருக்கும்போது தலைக்கவசம் மாட்டி வண்டியோட்ட வேண்டிய அவசரம் அவனுக்கு ஏது?

இன்றைய நிலைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், நகைக்கடை ஒன்றில் மேற்காது குத்திக்கொண்ட இளைஞர்களுக்குக் கடுமையான சீழ்நோய் கண்டது. உறுதிப்பட்டவர்கள் 7 பேர். சூடோமோனாஸ் என்னும் கிருமியே காரணம். ஈரமான இடங்களில் வாழும் அக்கிருமி, குத்துமுன் தெளித்த கிருமிநாசினிப் புட்டியிலேயே குடியிருந்ததாகக் கண்டறிந்தனர். தூய்மைக்கு வைத்த நீரே நஞ்சாயிற்று. குத்தும் துப்பாக்கி எனப்படும் விசைக்கருவியை மேல்மடலுக்குப் பயன்படுத்தலாகாது என்று வல்லுநர் கூறுவதற்கும் காரணம் உண்டு: மழுங்கிய முனையை விசையால் செலுத்தும்போது குருத்தெலும்பு நசுங்குகிறது. சுசுருத சம்ஹிதையின் தகாத ஊசி என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

இனிப் பாட்டிக்கும் அண்டை வீட்டாருக்கும் தோழிக்கும் விடை கூறலாம். துளையைச் சுற்றி மட்டும் சற்றே சிவந்து, வெண்ணிற நீர் கசிந்து காய்ந்து, சிறு மேடு தோன்றினால் அது பெரும்பாலும் உறுத்தலே. அந்தப் பக்கமாகப் படுப்பது, கூந்தல் சிக்குவது, நகையைத் திருகித் திருகிப் பார்ப்பது, கம்பி இறுகியிருப்பது, நிக்கல் கலந்த மட்டமான உலோகம் ஆகியவை காரணங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புக் கரைசலால் நாளுக்கு இருமுறை நனைத்துச் சுத்தமாக ஒற்றியெடுத்தால் போதும். ஸ்பிரிட் புதுத்தோலைக் கருக்கிவிடும். மஞ்சள் விழுதும் எண்ணெயும் காய்ந்து அடையாகித் துளைவாயை அடைக்கும். பாட்டியின் அன்புக்குக் குறைவில்லை, அவர் கண்ட காது பெரும்பாலும் சோணை என்பதே வேறுபாடு. உறுத்தலுக்காக நகையைக் கழற்றவும் வேண்டியதில்லை. இறுக்கமாயின் நீளக் கம்பியுள்ளதை மாற்றித் தரச் சொல்லலாம்.

மாறாக, மடல் முழுதும் சிவந்து சூடேறி, தொட்டாலே துடிக்கும் வலியுடன் வீங்கி, கீழே சோணை மட்டும் இயல்பாக இருந்தால் அது குருத்தெலும்பின் போர்வையைப் பற்றிய நோய். காய்ச்சலும் சேரலாம். அப்போது வீட்டு மருந்துக்கு இடமே இல்லை. அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லவேண்டும். எல்லாக் கிருமிக்கொல்லி மருந்தும் சூடோமோனாஸிடம் செல்லாது. அதற்கென உரியதை அவரே தேர்ந்து தருவார். சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்றுவார். நகையைக் கழற்றுவதா வைப்பதா என்பதும் அவர் முடிவே. நாமாகக் கழற்றினால் துளை மேலே மூடிக்கொண்டு சீழ் உள்ளே தங்கிவிடக்கூடும். கழற்றச் சொன்னால் மகள் வருந்துவாள். ஆறிய பின்னர் மறுபடியும் குத்தலாம் என்று அந்தப் பழைய அத்தியாயத்திலும் இருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டலாம்.