நங்கூரமும் நாங்கரும்

தாராவியை ஒட்டிய மாஹிம் கரையில், தோணியைச் சேற்றில் நிறுத்த முனைந்த கோலி மீனவ முதியவர் ஒருவர் தம் மகனை நோக்கி “நாங்கர் டாக்” என்று குரல் கொடுத்தபோது, கலப்பையைக் குறிக்கும் மராத்திச் சொல்லாக மட்டுமே அதனை அறிந்திருந்த நான், கடலில் உழவுக்கு என்ன வேலை என்று ஒரு கணம் திகைத்து நின்றேன்.

கலப்பையாகிய நாங்கர் வடமொழி லாங்கலத்தின் வழிவந்தது. தோணியை நிறுத்தும் நாங்கரோ பாரசீகத்து லங்கரின் திரிபு. வெவ்வேறு திசையில் புறப்பட்ட இரு சொற்கள் மராத்தியர் நாவில் ஒன்றாயின என்பதே என் துணிபு. அந்த லங்கரே, மொழிமுதலில் லகரம் ஏலாத தமிழில் நங்கூரமாயிற்று.

ஒலியின் ஒற்றுமை யதேச்சையாக நேர்ந்ததாயினும் பொருளின் ஒற்றுமை அத்தகையதன்று. துவாரகைக் கடலடியில் கிடைத்த துளையிட்ட கல் நங்கூரங்கள் பெரும்பாலும் பாரத்தால் கலத்தை நிறுத்தியவை; இரும்பு நங்கூரமோ, கொழு மண்ணில் இறங்குவதுபோல, அலகைச் சேற்றில் புதைத்துப் பிடிப்பது. ஜி. ஐ. டெய்லர் என்னும் ஆங்கிலேயப் பௌதிக அறிஞர் 1933-இல் கலப்பை வடிவிலேயே ஒரு நங்கூரம் சமைத்தார்.

உழவன் மேழியை அழுத்துகிறான். நீரடியில் அவ்வேலை சங்கிலியுடையது. அது தரையோடு கிடந்தால்தான் இழுப்பு கிடையாகச் சென்று அலகு ஆழப் புதையும். மேல்நோக்கி இழுபட்டால் நங்கூரம் பெயர்ந்துவிடும். மும்பையில் ஏற்றவற்றம் சில நாள்களில் ஏறத்தாழ 5 மீட்டர் ஆதலால், வற்றத்தில் 3 மீட்டர் ஆழம் கண்டு சங்கிலி அளந்தவன், ஏற்றத்தில் 8 மீட்டர் நீரில் அலைக்கழிவான். ஏற்றத்து ஆழத்திற்கு நான்கைந்து மடங்கு விடுவதே முறை.

ரே ரோடு அருகே, கப்பல் உடைக்கும் தாருகானாவில், பழஞ்சங்கிலி தேடி வந்த ஒருவரைக் கவனித்தேன். பளபளப்பை அவர் பொருட்படுத்தவில்லை. அடுத்தடுத்த இரு கண்ணிகளைத் தளர்த்தி, அவை ஒன்றையொன்று உராயும் உட்புறத்தை விரலால் தடவினார். பத்தில் ஒரு பங்கு தேய்ந்த கண்ணி கழிக்கத்தக்கது. சிறு படகுக்கு 8 மில்லிமீட்டர் தடிப்பில், துத்தநாகம் பூசிய குட்டைக் கண்ணிச் சங்கிலி பெரும்பாலும் போதும். ஆயினும் அதை நங்கூரத்தோடு பிணைக்கும் ஷேக்கிளின் திருகாணியைக் கம்பி சுற்றிக் கட்டாவிடில், அலையின் ஆட்டத்தில் அது மெல்லக் கழன்றுவிடும்.

மராத்தி கற்கும் மாட்டுங்காத் தமிழ்ச் சிறுவர், நாங்கர் என்பதற்கு நேரே கலப்பை என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், பக்கத்தில் நங்கூரம் என்றும் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.