‘ஹேவ்’ என்னும் துணைவினையின் வரலாறு

ஆங்கிலம் பயிலும் நம்மவர்க்கு மிகுந்த மயக்கம் தருவது, அம்மொழியின் இறந்த காலத்துக்கும் நிறைவுக் காலத்துக்கும் உள்ள வேற்றுமையாகும். ‘ஐ ஒர்க்டு’ என்பதும் ‘ஐ ஹேவ் ஒர்க்டு’ என்பதும் முடிந்த செயலைத்தானே குறிக்கின்றன. பின் வடிவம் இரண்டு எதற்கு என்று மாணவர் வினவுவர். விதிகளை நெட்டுருச் செய்வதால் இதற்கு விடை கிடைப்பதில்லை. அவ்வடிவங்கள் பிறந்த வரலாற்றை நோக்கினால் விடை தானே புலனாகும்.

ஐந்தாம் நூற்றாண்டில் வடகடலைக் கடந்து பிரிட்டனில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்களின் மொழியில், வினைச்சொல்லின் உருவம் காட்டிய காலங்கள் இரண்டே. ஒன்று இறந்த காலம். மற்றொன்று நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொதுவானது. ஒரு செயலுக்கு முன்னரே மற்றொன்று முடிந்ததென்று உணர்த்த, இறந்த கால வினையோடு ‘முன்’ என்னும் பொருளுடைய சொல்லைச் சேர்த்துக் கூறுவதும் உண்டு.

இக்குறையை நிரப்ப வந்ததே ‘ஹேவ்’. அதன் பழம்பொருள் உடைமை. ‘பகைவனைக் கட்டுண்டவனாக உடையேன்’ என்பது போன்றதொரு வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள். இங்குக் ‘கட்டுண்ட’ என்பது பகைவனுக்கு அடைமொழி. ஆகவே பழைய ஆங்கிலத்தில் அவ்வடைமொழி, தான் தழுவிய பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் ஏற்பச் சில இடங்களில் விகுதியும் பெற்றது. ஆனால் கட்டுண்ட பகைவனை உடையவன் எவனோ, பெரும்பாலும் கட்டியவனும் அவனே அன்றோ? கேட்போர் கருத்து, உடைமையை விட்டுச் செயலின்பால் சென்றது. நாளடைவில் விகுதி தேய்ந்தது. அடைமொழி ‘ஹேவ்’ என்பதன் அருகே வந்து நின்றது. உடைமைப் பொருள் மறைந்தது. செயப்படுபொருள் குன்றிய வினைகளோடும் அது பின்னர்ச் சேரலாயிற்று. பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன் ஆகிய மொழிகளும் ஏறத்தாழ இவ்வழியே சென்றவை.

வருதல், போதல் முதலிய வினைகள் மட்டும் நெடுங்காலம் வேறு துணையை நாடின. ‘ஹி ஹேஸ் கம்’ என்னாது ‘ஹி இஸ் கம்’ என்றனர். 1611இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பிலும், 1817இல் மறைந்த ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் நாவல்களிலும் இவ்வழக்கைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஹேவ்’ இந்த இடத்தையும் கைப்பற்றியது. ‘ஹி இஸ் கான்’ என்பது பழமையின் எச்சமாக இன்றும் நிற்கிறது. நம் ‘வந்திருக்கிறான்’ என்பதும் இருத்தல் வினையால் ஆனதே என்பது ஒப்புநோக்கத் தக்கது.

இனி, இவ்வரலாற்றின் பயனைக் காண்போம். உடைமை என்பது இப்போது கையில் இருப்பது. அப்பொருள் மறைந்த பின்னும் அதன் சாயல் மறையவில்லை. ‘ஹேவ்’ சேர்ந்த வினை, முடிந்த செயலை இன்றைய நிலையோடு பிணைக்கிறது. ஆதலின் ‘நேற்று’ என்று நாள் குறித்துவிட்டால் அவ்வடிவம் பொருந்தாது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இதில் இத்துணைக் கண்டிப்பாக இல்லை. இவ்வரம்பு பின்னரே உறுதிப்பட்டது. தமிழிலோ ‘நேற்று வந்திருக்கிறான்’ என்பது பிழையன்று. நம் மாணவர் ‘எஸ்டர்டே’ என்பதோடு ‘ஹேஸ் கம்’ என்று எழுதிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது வெறும் இலக்கண நுட்பம் அன்று. ‘இந்த அலுவலகத்தில் ஐந்தாண்டு ஒர்க்டு’ என்று விண்ணப்பத்தில் ஒருவர் எழுதினால், அவர் வேலையை விட்டு நீங்கியவர் என்றே படிப்போர் கொள்வர். ‘ஹேவ் ஒர்க்டு’ என்று எழுதினால் இன்னும் பணியில் இருப்பவர் என்று கொள்வர். அவ்வாறே, காவலர் வந்தபோது அவன் ‘ரேன் அவே’ என்று சாட்சி சொன்னால், அவர்களைக் கண்டு ஓடினான் என்பது பொருள். ‘ஹேட் ரன் அவே’ என்றால், அவர்கள் வருமுன்பே ஓடிவிட்டான் என்பது பொருள். முன்னதில் காவலர் அவனைக் கண்டிருக்கக் கூடும்; பின்னதில் அதற்கு இடமே இல்லை. ஒருவன் விடுதலை பெறுவதும் தண்டனை அடைவதும் இந்தச் சிறு சொல்லைப் பொறுத்தும் அமையலாம்.

எனவே ஆங்கிலத்தில் எழுதப் புகுவோர் முதலில் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நலம்: நான் சொல்லும் செயல் நேற்றோடு நின்றுவிட்டதா, அன்றி அதன் பயன் இன்றும் என் கையில் உள்ளதா?