வெற்றிடம் துறவின் அடையாளமா? சான்செஸ் கோட்டானின் 1603ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல்: ஒரு மறுவாசிப்பு

ஹுவான் சான்செஸ் கோட்டான் (1560–1627) வரைந்த அசையாப்பொருள் ஓவியங்களில் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவையே இன்று எஞ்சியுள்ளன. அவற்றைப் பற்றிய எழுத்துகளோ ஒரு நூலக அடுக்கை நிரப்பும். அவ்வெழுத்துகளில் பெரும்பகுதி ஒரே பாதையில் செல்கிறது: ஓவியர் 1603இல் தொலேதோ நகரத்துப் பட்டறையை மூடிவிட்டுக் கார்த்தூசியர் சபையில் சேர்ந்தார், கார்த்தூசியர் புலால் உண்ணாதவர், பேச்சைச் சுருக்கியவர், ஆகவே கல் சன்னலில் நூல் கட்டித் தொங்கும் முட்டைக்கோஸும் அதன் பின்னால் விரியும் கருமையும் துறவியின் தியானமே. இந்த வாசிப்பு அழகானது. ஆனால் காலவரிசையைத் தலைகீழாக்காமல் அதை நிறுவ முடியாது என்பதே என் வாதம். ஓவியர் கையெழுத்தும் ஆண்டும் இட்ட ப்ராடோ அருங்காட்சியகத்து ஓவியம் 1602க்குரியது. அப்போது அவர் பணம் வாங்கிக்கொண்டு படம் வரைந்த நகரத்துக் கைவினைஞர். அந்த ஓவியத்தில் காய்கறிகளோடு கௌதாரிகளும் தொங்குகின்றன.

இவ்விவாதத்தின் மையச் சான்று, மடத்துக்குப் புறப்படுமுன் 1603 ஆகஸ்டில் அவர் எழுதுவித்த சொத்துப் பட்டியல். முந்தைய ஆய்வாளர்கள் அதை இரண்டு வகையில் பயன்படுத்தியுள்ளனர். ஒரு சாரார் எஞ்சிய ஓவியங்களை அடையாளம் காண்பதற்கு மட்டும் அதைத் திறந்து, காரியம் முடிந்ததும் மூடிவிட்டனர். மறு சாரார் அதை உலகைத் துறப்பவனின் இறுதிக் கணக்காக, ஏறக்குறைய ஒரு பக்தி ஆவணமாக, வாசித்தனர். இரு சாராரும் பட்டியல் எந்த முறையில் பேசுகிறது என்பதைப் போதிய அளவு கவனிக்கவில்லை. யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்னும் கடன் கணக்கு அதில் இருக்கிறது. மதப் படங்களும் உருவப்படங்களுமே அதில் மிகுதி. காய்கனிப் படங்கள் சிறுபான்மை. 1590இல் பெண்யராந்தா ஊரின் தாடிப் பெண் பிரிகிதா தெல் ரீயோவைத் தத்ரூபமாக வரைந்தவர் இவர்தான் என்பதை நினைவில் கொண்டால் இந்த விகிதம் வியப்பளிக்காது. கேட்டதைக் கேட்டபடி வரைந்து கொடுத்தவரின் கையிருப்பு இது.

அந்தச் சிறுபான்மைப் பதிவுகளின் நடையைப் பாருங்கள். ஒரு பதிவு, வாத்தும் வேறு மூன்று பறவைகளும் இருக்கின்ற பழப் படம் என்கிறது. அது வேறொருவருக்கு உரியது என்றும் சேர்க்கிறது. இன்னொன்று, இன்னாரிடம் உள்ளதைப் போன்ற மற்றொரு பழப் படம் என்கிறது. மூன்றாவதே நம் கவனத்துக்கு முதன்மையானது: கௌதாரிகள் இருக்கும் கார்தோ படம், மற்றவற்றுக்கு மூலமாக இருப்பது. கார்தோ என்பது காஸ்தீலியர் சமைத்துண்ணும் முட்செடியின் தண்டு.

அந்த மூன்றாவது பதிவைத்தான் ஆய்வுலகம் சுருக்கி வாசித்துவிட்டது. மூலம் என்றால் ஆசிரியர் கைப்பட வரைந்தது, மற்றவை உதவியாளர் எடுத்த படிகள் என்பது வழக்கமான விளக்கம். அப்படியும் இருக்கலாம். ஆனால் மூன்று பதிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. எந்தப் படமும் அதன் கருத்தாலோ அளவாலோ குறிக்கப்படவில்லை. வாத்து உள்ளது, கௌதாரி உள்ளது, அவரிடம் இருப்பதைப் போன்றது என்று, இடம் மாற்றக்கூடிய உறுப்புகளாலேயே ஒவ்வொன்றும் இனங்காட்டப்படுகிறது. பட்டறைக்குள் இருந்த ஒருவருக்குத்தான் இப்படிப் பேச வரும். அவருடைய மனத்தில் சன்னல் நிலையானது. அதற்குள் தொங்குபவையும் கிடப்பவையும் மாறக்கூடியவை. மூலம் என்பது, என் கருத்தில், முழுப் படியெடுப்புக்கு மட்டும் வைத்திருந்த படமன்று. உறுப்புகளை எடுத்தாளுவதற்கான கையிருப்பும்கூட.

இது வெறும் ஊகம் என்று ஒதுக்குவோருக்கு இரண்டு ஓவியங்களை அருகருகே வைக்கிறேன். சான் தியேகோ அருங்காட்சியகத்தில் உள்ளது புகழ்பெற்றது. மேல் இடது மூலையில் நூலில் ஒரு சீமைமாதுளம்பழம். சற்றுத் தாழ்வாக முட்டைக்கோஸ், அதன் வெளியிதழ்கள் விரிந்து நரம்புகள் தெரிய. கீழே சன்னல் மேடையில் அறுத்த முலாம்பழம், அதன் கீற்று, பிறகு மேடை விளிம்பைத் தாண்டி நம் பக்கம் நீளும் வெள்ளரி. கீற்றும் வெள்ளரியும் கல்லின் முகத்தில் நிழல் வீழ்த்துகின்றன. வலப்புற மேற்பகுதி முழுவதும் இருள். இந்த இருளைத்தான் இறைவனின் மௌனம் என்றும் புலன் ஒடுக்கம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

சிக்காகோ கலை நிறுவனத்திலுள்ள ஓவியத்துக்கும் ஏறத்தாழ அதே அளவு. உயரம் 68 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே சீமைமாதுளம்பழம், அதே முட்டைக்கோஸ், அதே முலாம்பழம், அதே வெள்ளரி. சான் தியேகோ படத்தில் மௌனம் குடியிருந்த இடத்தில் இங்கே வாத்தும் சிறு பறவைகளும் தலைகீழாகத் தொங்குகின்றன. மேடையில் ஒரு சௌசௌவும் சேர்ந்திருக்கிறது. எது முந்தியது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. பறவைகளைச் சேர்த்திருந்தாலும் நீக்கியிருந்தாலும், அந்த வெற்றிடம் வாடிக்கையாளரின் விருப்பத்துக்கேற்ப நிரப்பவும் காலியாக விடவும் கூடிய ஓரிடமாகவே அவருக்கு இருந்தது. பொருள்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் மறைக்காமல் தனித்தனியே நிற்பதற்கும் இதுவே காரணமாகலாம்: ஒவ்வொன்றும் தனியே கூர்ந்து வரையப்பட்டு, பின்னர் சன்னலுக்குள் இடம்பெற்றது. அந்தத் தனிமை நம்மை உலுக்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. உலுக்கும் ஆற்றல் செய்முறையிலிருந்து பிறந்தது என்கிறேன். அதனால் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

சீமைமாதுளையிலிருந்து வெள்ளரி வரை இறங்கும் வளைவைக் கணித வளைகோடாக அளந்து, அதில் படைப்பின் ஒழுங்கைக் கண்டவர்கள் உண்டு. வளைவு இருக்கிறது, திட்டமிட்டதுதான். ஆனால் அது பேரண்ட ஒழுங்கின் குறியீடாக இருந்திருந்தால், அதன் அருகே வாத்தைத் தொங்கவிட்டு அதன் தனித்த நிலையைக் குலைத்திருக்கமாட்டார். நூலில் கட்டித் தொங்கவிடுவது சரக்கறையில் உணவு கெடாமல் காக்கும் வழக்கம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். மடம் புகுமுன்னரே அவர் உள்ளத்தால் துறவியாக இருந்திருக்கலாமே என்னும் மறுப்பும் எழும். இருந்திருக்கலாம், உள்ளத்தைச் சான்றாகக் கொண்டால் எந்த ஓவியரைப் பற்றியும் எதையும் நிறுவிவிடலாம்.

எனக்கு மிக வலுவாகத் தோன்றும் சான்று 1603க்குப் பிந்திய வாழ்வு. கார்த்தூசியர் சபையில் பொதுநிலைச் சகோதரராக அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. கிரனாடா மடத்துக்காகச் சபையின் வரலாற்றையும் மறைசாட்சியரின் வதைகளையும் பெரிய துணிகளில் வரைந்தார். உணவுக்கூடச் சுவரில் அவர் தீட்டிய சிலுவை மெய்யான மரம்போல் தோன்ற, பறவைகள் அதில் அமர முயன்றதாக, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய பலோமினோவின் காலந்தொட்டு ஒரு கதை உலவுகிறது. கண்ணை ஏமாற்றும் அந்தத் திறமை கடைசிவரை உடன் இருந்தது. காய்கனிச் சன்னல் ஓவியங்களோ, ஒன்றைத் தவிர, அவரோடு மடத்துக்குள் போனதற்குத் தடயமில்லை. அவை கார்த்தூசிய வழிபாட்டின் ஒரு வடிவமாக இருந்திருந்தால், வழிபாட்டுக்கென்றே அமைந்த இடத்துக்கு வந்தபின் ஏன் நின்றுபோயின? சபை கேட்டதைத்தான் அவர் வரைந்தார் என்பர். அதைத்தானே தொலேதோ வாடிக்கையாளர்களைப் பற்றி நானும் சொல்கிறேன்.

அந்த ஒன்று, கிரனாடா நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள கார்தோ ஓவியம். வளைந்த ஒரு தண்டு, சில கேரட்டுகள், அதற்கு மேல் ஏதுமில்லை. இவ்வகையில் இதைவிட எளிய படம் எஞ்சவில்லை. மடத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பைக் கொண்டு, துறவுக்குப் பிந்தியது என அதற்குக் காலம் குறிப்பவர்கள் பலர். அது உண்மையாகவே இருக்கலாம். ஒரு படத்தை அவர் கையோடு கொண்டுபோயிருக்கலாம், அங்கே புதிதாகவும் வரைந்திருக்கலாம். ஆனால் ப்ராடோ ஓவியத்தின் வலப்புறம் கல்லில் சாய்ந்து வளைந்திருக்கும் கார்தோவைப் பார்த்தவர்கள், கிரனாடா கார்தோ அதே கையிருப்பிலிருந்து வந்த உறவுக்காரன் என்பதை மறுக்கமாட்டார்கள். பறவைகளை விலக்கிய படத்தை அவர் மடம் புகுமுன்னரே வரைந்துவிட்டார் என்பதற்குச் சான் தியேகோ ஓவியமே சாட்சி. ஆகவே பறவை இல்லாமையைக் காலக்கணிப்புக்கு அளவுகோலாக்க முடியாது. கிரனாடா ஓவியத்தை 1603க்குப் பின் தள்ள விரும்புவோர் நிறப்பூச்சிலிருந்தோ அடித்துணியிலிருந்தோ வேறு சான்று கொண்டுவர வேண்டும்.