கெடா மக்கள் தொகையில் இந்தியர்கள்: எத்தனை பேர், எங்கே?

கெடாவில் இந்தியர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் “ஏழு விழுக்காடு” என்பதுதான். கணக்குப்படி அது சரி. ஆனால் பாடாங் செராயிலோ பீடோங்கிலோ வாழ்பவருக்கு அந்த எண் நம்பும்படியாக இருக்காது. கூபாங் பாசுவிலோ சிக்கிலோ உள்ளவருக்கு அதே எண் அதிகமாகத் தோன்றும். மாநிலச் சராசரி ஒன்றுதான் என்றாலும், இந்தியர்கள் மாநிலம் முழுவதும் சீராகப் பரவி வாழவில்லை. அதற்கான காரணம் ரப்பர் மரங்கள் நடப்பட்ட இடங்களில் இருக்கிறது.

மாநிலத்தின் இன அமைப்பு

2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி கெடாவில் 21 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். குடிமக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மலாய்க்காரர்களும் பிற பூமிபுத்ராக்களும் ஆவர். சீனர்கள் சுமார் 12 விழுக்காடு. இந்தியர்கள் 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு.

எஞ்சியவர்கள் தொகையில் குறைவு என்றாலும் வரலாற்றில் முக்கியமானவர்கள். தாய்லாந்து எல்லையை ஒட்டிய பகுதிகளிலும் பாலிங், சிக் வட்டாரத்திலும் சயாமிய வம்சாவளிக் கிராமங்கள் உண்டு. பாலிங் மாவட்டத்தின் லூபோக் லெகோங் கிராமத்தில் கென்சியூ ஒராங் அஸ்லி மக்கள் வாழ்கிறார்கள். மலாய்க்காரர் என்ற தலைப்பின் கீழும் பட்டாணி, மினாங்காபாவ், பஞ்சார் என்று பல வழி வந்தவர்கள் இருக்கிறார்கள். யான் மாவட்டத்தில் அச்சே மக்கள் குடியேறிய ஊருக்குக் கம்போங் அச்சே என்றே பெயர்.

“இந்தியர்” என்பதும் ஒரே கூட்டம் அல்ல. தமிழர்களே பெரும்பான்மை, மலையாளிகள், தெலுங்கர்கள், பஞ்சாபியர்கள் ஆகியோரும் இதில் அடங்குவர். தமிழ் முஸ்லிம்களில் சிலர் இந்தியர் என்றும், சிலர் மலாய்க்காரர் என்றும் பதிவாகியிருப்பார்கள். தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் வங்காளதேச, நேபாளத் தொழிலாளர்கள் குடிமக்கள் அல்லாதோர் என்ற தனிப் பிரிவில் வருவார்கள்.

கடாரம் வேறு, தோட்டம் வேறு

கெடாவே பழைய கடாரம். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை இங்கு வந்தது. குனோங் ஜெராய் அடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள், இந்தியாவுடன் பல நூற்றாண்டுகள் நீடித்த வணிகத் தொடர்புக்குச் சான்று. ஆனால் இன்று கெடாவில் வாழும் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் காலத்தவரின் நேரடி வாரிசுகள் அல்லர். அவர்களுடைய முன்னோர் கடந்த நூற்றாண்டில் ரப்பருக்காக வந்தவர்கள்.

பத்தே ஆண்டில் ஐந்து மடங்கு

1909 வரை கெடா சயாமின் மேலாட்சியில் இருந்தது. அந்த ஆண்டு கையெழுத்தான ஒப்பந்தத்தின் வழி அது பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் வந்தது. 1911 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்த மக்கள் தொகை இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. அதில் இந்தியர்கள் ஏறத்தாழ 6,000 பேர் மட்டுமே. 1921இல் அவர்கள் 33,000 ஆனார்கள். 1931இல் 50,000ஐத் தாண்டினார்கள்.

கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். அங்கிருந்து பிறை வழியாகக் கெடாவின் தென்பகுதி மிக அருகில். கூலிம், கோல மூடா, பண்டார் பாரு, பாலிங் ஆகிய மாவட்டங்களின் மேட்டு நிலத்தில் ரப்பர் வளர்ந்தது. வடக்கே அலோர் ஸ்டார், கூபாங் பாசு சமவெளி நெல் விளையும் பூமி. அது மலாய் விவசாயிகளின் கையில் இருந்தது. எனவே தமிழர்களில் பெரும்பாலோர் தெற்கிலேயே நின்றார்கள். வடக்கே போனவர்கள் பெரும்பாலும் ரயில்வே, பொதுப்பணி, மருத்துவமனை, கடைத்தெரு வேலைகளுக்காகச் சென்றவர்கள். இந்த நிலவரைபடம் இன்றும் பெரிதாக மாறவில்லை.

ஹார்வர்டு, டப்ளின், ஹென்ரியெட்டா, விக்டோரியா என்று வெள்ளைக்காரர் வைத்த பெயர்கள் அந்தத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குச் சொந்த ஊர்ப் பெயர்கள் ஆயின. போருக்குப் பின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்தது. தொழிலாளர்கள் அடுத்தடுத்த தோட்டங்களில் நெருங்கி வாழ்ந்ததும் அந்த வேகத்துக்கு ஒரு காரணம்.

வளர்ச்சி நின்றது எப்போது?

1947 கணக்கெடுப்பில் கெடா இந்தியர்கள் சுமார் 51,000 பேர். பதினாறு ஆண்டுகளில் தொகை ஏறவே இல்லை என்றே சொல்லலாம். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பிறகு ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட தோட்டத் தமிழர்களில் திரும்பி வராதவர்கள் ஏராளம்.

சுதந்திரம் கிடைத்த 1957இல் கெடா மக்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு. சீனர்கள் ஐந்தில் ஒரு பங்கு. அதன் பிறகு இரு இனத்தாரின் பங்கும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2010இல் கெடா இந்தியர்கள் சுமார் 1 லட்சத்து 36 ஆயிரம் பேர். ஆள் தொகை 1957இல் இருந்ததைப் போல இரு மடங்கு, விழுக்காடோ ஏழு. “கூடிவிட்டோம்”, “குறைந்துவிட்டோம்” என்ற இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

விழுக்காடு குறைந்ததற்குக் காரணங்கள் பல. 1950களிலும் 60களிலும் நடந்த தோட்டத் துண்டாடலில் பலர் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். அதற்கு மாற்றாகத் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டங்களில் கெடாவின் புக்கிட் சிடிம் ஒன்று. 1969க்குப் பின் சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஆள் தேவை குறைந்தது. இளையோர் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். கணக்கெடுப்பு ஒருவர் வசிக்கும் இடத்தில்தான் எடுக்கப்படுகிறது. பட்டர்வொர்த்தில் குடியேறிய கூலிம் பிள்ளை பினாங்குக் கணக்கில்தான் வருவார். பிள்ளைப்பேறும் குறைந்துவிட்டது. அண்மைய ஆண்டுகளில் மலேசிய இந்தியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக ஒன்றரைக் குழந்தைகூட இல்லை. மலாய்ப் பெண்களுக்கு அது இரண்டு.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

லயத்தை விட்டவர்கள் எல்லாரும் கெடாவை விட்டுப் போய்விடவில்லை. பலர் பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் தாமான்களில் குடியேறினார்கள். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளும் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தன. 2001இல் நிறுவப்பட்ட எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகம் செமிலிங்கில் இருக்கிறது. ஆக, தெற்கு மாவட்டங்களின் இந்திய மக்கள் அதே மாவட்டத்துக்குள் இடம் மாறியவர்கள். மாவட்டப் புள்ளிவிவரத்தில் இந்த நகர்வு தெரியாது.

எண் எங்கே பேசும்?

இந்தப் பரவல் முதலில் தெரிவது தேர்தலில். 2000 நவம்பரில் நடந்த லூனாஸ் இடைத்தேர்தல் முடிவு 530 வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. மாநிலச் சட்டமன்றத்தில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அந்தத் தொகுதியின் இந்திய வாக்காளர் தொகை அந்த வித்தியாசத்தைவிடப் பல மடங்கு அதிகம். 2009இல் இடைத்தேர்தல் நடந்த புக்கிட் செலம்பாவ் தொகுதியில் இந்திய வாக்காளர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு. மாநிலத்தில் ஏழு விழுக்காடாக இருப்பவர்கள் அங்கே முடிவைத் தீர்மானிக்கும் நிலையில் இருந்தார்கள். தாமானுக்கு மாறியவர் அடையாள அட்டையில் முகவரியை மாற்றாவிட்டால், அவர் வாக்கு பழைய தோட்ட முகவரியிலேயே தங்கிவிடும்.

அடுத்தது தமிழ்ப்பள்ளி. கெடாவில் ஏறக்குறைய 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பலவற்றின் பெயரில் இன்றும் “தோட்டம்” இருக்கிறது. ஹார்வர்டு தோட்டத்தின் பெயரில் மட்டும் மூன்று பள்ளிகள். தோட்டம் காலியாகி மாணவர் குறைந்த பள்ளி ஒருபுறம், தாமான்கள் சூழ இடம் போதாத பட்டணப் பள்ளி மறுபுறம் என்பதே இன்றைய நிலை. மாணவர் குறைந்த பள்ளியின் உரிமத்தை மக்கள் இருக்கும் இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்பதற்கு, எந்த முக்கிமில், எந்தத் தாமானில் எத்தனை குடும்பங்கள் என்ற விவரம் வேண்டும். “ஏழு விழுக்காடு” அந்த மனுவுக்கு உதவாது.

கோயில் நிலம், இடுகாடு, வீடமைப்பு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாதவர்கள் இந்தக் கணக்குகள் பலவற்றில் விடுபட்டுப் போவார்கள். ஊர்ப் பொறுப்பாளர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். புள்ளிவிவர இலாகா மாநில அளவோடு நில்லாமல், மாவட்டம், தொகுதி வாரியாகவும் இன விவரங்களை வெளியிடுகிறது. ஆலய நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அதை எடுத்து, தங்கள் ஊரின் குடும்பப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அடுத்த மனுவில் எழுதச் சரியான எண் கிடைக்கும்.