திரையில் பிடிக்க முடியாத நாடி: பெருந்தொற்றுக் காலத்தில் செவிலிய ஆசிரியர்கள்

2020ஆம் ஆண்டைச் செவிலியருக்கும் மகப்பேற்றுச் செவிலியருக்கும் உரிய ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து (1820 மே 12) இருநூறு ஆண்டுகள் நிறைவதையொட்டி வந்த அறிவிப்பு அது. அந்த ஆண்டின் மார்ச் 11 அன்று கோவிட்-19 பெருந்தொற்று என அறிவிக்கப்பட்டது. மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கிற்று. மே 12 வந்தபோது செவிலியர் கல்லூரிகள் மூடிக்கிடந்தன. விடுதி மாணவியர் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருந்தனர். ஆசிரியர்கள் கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மீது சாய்த்துவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தனர்.

வரலாறும் இலக்கியமும் கற்பித்தோருக்கும் அந்தக் காலம் எளிதாக இருக்கவில்லை. ஆயினும் செவிலிய ஆசிரியர்களின் இக்கட்டு வேறு வகைப்பட்டது. அதைப் புரிந்துகொள்ள இக்கல்வி பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பெயரால் தொடங்கப்பட்ட பள்ளியில் வார்டே வகுப்பறை. விரிவுரைகள் இருந்தன, ஆனால் பயிற்சி பெறும் பெண்ணை உருவாக்கியவர் அந்த வார்டின் பொறுப்புச் செவிலியரே. இந்தியாவுக்கும் இந்த முறையே வந்து சேர்ந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் தொடங்கிய பயிற்சியும், வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய பள்ளியும் மருத்துவமனையின் உடலோடு ஒட்டியே வளர்ந்தவை. (நைட்டிங்கேல் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. இந்தியப் படைமுகாம்களின் சுகாதாரத்தைப் பற்றி அவர் எழுதியவை அனைத்தும் அறிக்கைகளையும் கடிதங்களையும் படித்து எழுதியவை. தொலைவிலிருந்து கற்பிக்க இயலும் என்பதற்கும், எதைத் தொலைவிலிருந்து கற்பிக்க இயலாது என்பதற்கும் அவரே சான்று.)

வார்டு வகுப்பறையாக இருந்ததால், மாணவி அங்கே வேலைக்காரியாகவும் இருந்தாள். மருத்துவமனையின் ஆட்பற்றாக்குறையை நிரப்பும் கை அவளுடையது. 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, பிரிக்கப்படாத இந்தியாவில் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்ததாகவும், 43,000 பேருக்கு ஒருவர் என்ற விகிதமே நிலவியதாகவும் கணக்கிட்டது. அதே 1946இல் டெல்லியிலும் வேலூரிலும் செவிலியத்தில் இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. செவிலிய மாணவியை மருத்துவமனையின் பணியாள் என்ற நிலையிலிருந்து பல்கலைக்கழகத்தின் மாணவி என்ற நிலைக்குக் கொண்டுவரும் நெடும்பயணத்தின் மைல்கற்கள் இவை. அந்தப் பயணம் முடிந்துவிட்டதா என்ற கேள்வி 2021 மே மாதத்தில் மீண்டும் எழுந்தது.

தொலைநிலைச் செவிலியக் கல்வி இந்தியாவுக்குப் புதிதன்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பட்டயம் பெற்ற செவிலியருக்கென அடிப்படைக்குப் பிந்தைய இளநிலைப் பட்டத்தைப் பல ஆண்டுகளாக வழங்கிவந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பதிவுபெற்ற செவிலியர். ஊசி போட்டுப் பழகிய கை, இறப்பைக் கண்டு பழகிய கண். அவர்களுக்கும் மருத்துவமனைச் செய்முறை வகுப்புகள் கட்டாயம். 2020இல் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. நாடியை ஒருமுறைகூடத் தொட்டறியாத முதலாண்டு மாணவிக்குத் திரை வழியாகச் செவிலியத்தின் அடிப்படைகளைச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். நாடி பார்க்கக் கற்பிப்பதை எடுத்துக்கொள்வோம். மணிக்கட்டில் மூன்று விரல்களை எங்கே வைப்பது, ஏன் பெருவிரலை வைக்கக் கூடாது, எத்தனை வினாடி எண்ணுவது என்பவற்றைப் படத்துடன் விளக்கிவிடலாம். எவ்வளவு அழுத்தினால் துடிப்பு மறைந்துபோகும் என்பதை விளக்க முடியாது. ஆசிரியர் தம் விரலை மாணவியின் விரல்மேல் வைத்து அழுத்தித்தான் அதைக் காட்டியாக வேண்டும். சிறுநீர் வடிகுழாய் செலுத்துவது, நோயாளியைப் படுக்கையிலேயே குளிப்பாட்டுவது, மூச்சுக்குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுப்பது ஆகிய அனைத்திலும் உண்மையான பாடம், தவறு நிகழும் அந்த நொடியில் ஆசிரியர் குறுக்கிடுவதுதான். பத்து மாணவியருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் வகுக்கப்பட்டதன் பொருளும் அதுவே. குளிப்பாட்டும்போது நோயாளியின் கூச்சத்தை எப்படி மதிப்பது, திரையை எப்போது இழுத்துவிடுவது, எந்தக் குரலில் பேசுவது என்பவற்றை எந்தப் பாடநூலும் முழுமையாகச் சொல்வதில்லை. மூத்தவர் செய்யக் கண்டு இளையவர் பழகுவது அது.

வீட்டிலிருந்தபடி ஆசிரியர்கள் தங்களால் இயன்றதைச் செய்தனர். தலையணை நோயாளியானது, பொம்மை பச்சிளங்குழந்தையானது, ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்தப்பட்டது. செய்முறைகளைப் பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினர். மாணவியர் தம் வீட்டாரின் கையைப் பிடித்து நாடி எண்ணி எழுதி அனுப்பினர். எண் சரியா தவறா என்பதை அறிய ஆசிரியருக்கு வழி இல்லை. பல நாடுகளில் செவிலிய ஆசிரியர்களிடம் நடத்தப்பட்ட நேர்காணல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்றுண்டு: கேமராவை அணைத்துவிட்ட கறுப்புக் கட்டங்களிடம் பேசுவது. முகம் பார்த்து ஐயத்தை அறிந்துகொள்ளும் தொழிலில் பயின்றவர்களுக்கு முகமே மறுக்கப்பட்டது.

கேமரா அணைந்திருந்ததற்கு மாணவியரின் சோம்பல் மட்டுமே காரணமன்று. 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி ஊரகக் குடும்பங்களில் 14.9 விழுக்காட்டினருக்கே இணைய வசதி இருந்தது; கணினி வைத்திருந்த ஊரகக் குடும்பங்கள் 4.4 விழுக்காடு. வீட்டுக்கொரு கைப்பேசி, அதைத் தம்பியும் கேட்பான் என்ற நிலையில் நேரலை வகுப்பு என்பது பெருஞ்செலவு. காஷ்மீரில் நிலைமை இன்னும் கடுமை. 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட இணையம் 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் மட்டுமே திரும்பியது. 4ஜி முழுமையாக மீண்டது 2021 பிப்ரவரியில். கற்பித்தல் ஒலிப்பதிவுகளாகவும் சிறு கோப்புகளாகவும் சுருங்கிய அந்த ஓராண்டில், கண்ணால் கண்டு கற்க வேண்டியதைக் காதால் கேட்டுக் கற்கும்படி ஆயிற்று.

ஆசிரியரின் வீடும் கவனத்துக்குரியது. இத்துறையில் கற்பிப்போர் பெரும்பாலும் பெண்கள். மாணவியின் வீட்டு அடுப்படி ஓசையும் ஆசிரியரின் வீட்டு அடுப்படி ஓசையும் ஒரே வகுப்பில் கலந்தன. வேலைநேரம் என்ற எல்லை அழிந்து, ஐயம் கேட்கும் செய்தி இரவு பதினொரு மணிக்கும் வந்தது. ஊதியம் குறைக்கப்பட்ட தனியார் கல்லூரி ஆசிரியர்களும் இருந்தனர். அவர்களைக் காட்டிலும் கடினமான குற்றவுணர்வைச் சுமந்தவர்கள் வேறு சிலர். தாமும் பதிவுபெற்ற செவிலியராக இருந்தும், உடன்பயின்றவர்கள் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும்போது, கணினிமுன் அமர்ந்து நோய்த்தொற்றுத் தடுப்பைப் பற்றி விரிவுரை ஆற்றியவர்கள் அவர்கள். கல்லூரியிலிருந்து கோவிட் பணிக்கு அழைக்கப்பட்டவர்களோ இரு பணிகளையும் சுமந்தனர்.

பின்னர் இரண்டாம் அலை வந்தது. 2021 மே 3 அன்று பிரதமர் அலுவலகம் வெளியிட்ட அறிவிப்பு செவிலியக் கல்வி வரலாற்றில் தனியாகப் படிக்கப்பட வேண்டிய ஆவணம். படிப்பை முடித்த செவிலியரை முழுநேரக் கோவிட் பணியில் அமர்த்தலாம். இறுதித் தேர்வுக்குக் காத்திருக்கும் பட்ட, பட்டய மாணவியரையும் மூத்த ஆசிரியர்களின் மேற்பார்வையில் முழுநேரப் பணிக்கு அமர்த்தலாம். நூறு நாள் பணியாற்றியோருக்கு அரசு வேலையில் முன்னுரிமை உண்டு. 2020 மார்ச்சில் 'நீங்கள் மாணவியர், வீட்டுக்குப் போங்கள்' என்று அனுப்பப்பட்ட அதே பெண்கள், பதினான்கு மாதங்களில் 'நீங்கள் செவிலியர், வார்டுக்கு வாருங்கள்' என்று அழைக்கப்பட்டனர். நெருக்கடி உண்மையானது, ஆள் தேவையும் உண்மையானது. எனினும் மாணவி படிப்பவளா, பணியாளா என்ற பழைய கேள்விக்கு அரசு தன் வசதிக்கேற்ப இரு விடைகளை வைத்திருந்தது என்று சொல்வதில் மிகையில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றவர் ஆசிரியர். இறுதியாண்டின் முதன்மையான மாதங்களைத் திரையில் கழித்த மாணவியின் கை எவ்வளவு பழகியது, எவ்வளவு பழகவில்லை என்பதை அறிந்திருந்தவரும் அவர். அந்தக் கைக்கு மேற்பார்வையாளராக நிற்க வேண்டியவரும் அவரே.

அதே 2021இல் இந்திய செவிலியர் மன்றத்தின் திருத்தப்பட்ட இளநிலைப் பாடத்திட்டம் அரசிதழில் வெளிவந்தது. பருவ முறையும் மதிப்பலகு முறையும் அதில் நுழைந்தன. மனித உருவ மாதிரிகளைக் கொண்டு செயற்கைச் சூழலில் பயிற்றுவிக்கும் முறைக்கும் முறையான இடம் கிடைத்தது.

அந்த இரண்டாண்டுகளின் சான்றுகள் இப்போது எங்கே இருக்கின்றன? கல்லூரி ஆவணங்களில் சுற்றறிக்கைகளும் வருகைப் பதிவுகளும் இருக்கும். தலையணை நோயாளியும், இரவு பதினொரு மணி ஐயங்களும், நோயாளிகளே இல்லாமல் எழுதப்பட்ட பராமரிப்புத் திட்டங்களும் ஆசிரியர்களின் பழைய கைப்பேசிகளில் இருக்கின்றன. கைப்பேசியை மாற்றும்போதெல்லாம் அவற்றுள் சில அழிகின்றன.